சி பிளாக் குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள்

கார்மேகத்துக்கு ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். ‘ஸ்லிப்ட் இன் பாத்ரூம்.’ குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று பொருள். அந்த ஒன்றை அவர் அச்சடித்த மாதிரி எழுதுவார்.

ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வயது நாற்பத்தாறு. சாரம் கட்டும் வேலைக்கு என்று துபாய்க்கு வந்து பதினெட்டு வருடம். ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும், கம்பெனி அவரை வேலையாட்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பிலேயே உட்கார வைத்து, பச்சைச் சட்டையும் விசிலும் கொடுத்து, சேஃப்டி உதவியாளர் ஆக்கியது. தினமும் காலையில் வாசல் பலகையில் ‘சைட்டில் விபத்தில்லாத நாட்கள்’ என்பதற்கு நேரே ஒரு எண்ணைக் கூட்ட வேண்டும். தீயணைப்பான்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் ஃபாரம் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். சி பிளாக் கபடிக் குழுவின் மேனேஜர். கார்மேகம் ஒருநாளும் கபடி ஆடியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடுகளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவராக இருந்தார். ஆடுகிறவனை விடக் கோடு போடுகிறவனுக்குத்தான் ஆட்டம் தெரியும் என்பது அவர் கட்சி.

கேம்ப்பின் பின்கேட்டைத் தாண்டினால் ஒரு மணல் திடல். ஞாயிறு சாயங்காலம் அங்கேதான் போட்டி. எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஏழு ஆட்டம். விதி ஒன்று கறாரானது: எந்த ஆட்டத்துக்காவது ஏழு பேரை நிறுத்த முடியாத குழு அடுத்த வருடம் ஆட முடியாது. போன இரண்டு வருடமாக இடம் கேட்டு, இந்த வருடம்தான் சி பிளாக்குக்குக் கிடைத்திருந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். கேம்ப்புக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை ஃபாரூக், முதுகில் கடைப் பெயர் போட்ட பனியன் கொடுத்தார்.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். எலெக்ட்ரீஷியன் ஜெயசீலனுக்குச் சுண்டுவிரல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை கார்மேகம் ஃபாரத்தின் முன் பேனாவோடு உட்கார்ந்தார். ‘எப்படி நடந்தது’ என்று ஒரு கட்டம். கபடி என்று எழுத முடியாது. ‘அபாயகரமான விளையாட்டுகளில்’ அடிபட்டால் மருத்துவ விடுப்பு கிடையாது, வார்னிங் லெட்டர் உண்டு என்று கம்பெனி சுற்றறிக்கையே இருக்கிறது.

“பாத்ரூம்ல விழுந்தேன்னு போடுங்கண்ணே. எவன் வந்து பாக்கப் போறான்?” என்றான் ஜெயசீலன். டிப்ளமோ படித்தவன். இடது கையால் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த வாக்கியத்தை எழுதியும் கொடுத்தான். கார்மேகம் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். விடுப்பு கிடைத்தது.

இரண்டாவது ஆட்டத்தில் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் கேப்டன் சதீஷ்குமாரைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே இறக்காமல் விட்டார்கள். கணுக்கால். ஸ்லிப்ட் இன் பாத்ரூம். மூன்றாவது ஆட்டத்தில் மாமனும் மச்சானுமான இரண்டு பேர் ஒரே எதிரியை இரண்டு பக்கத்திலிருந்தும் பிடிக்கப் பாய்ந்தார்கள். எதிரி குனிந்துகொண்டான். இரண்டு ஃபாரம். நான்காவது ஆட்டத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன், உடம்பைச் சூடேற்றும்போதே ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஐந்தாவதில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை பெற்றார்கள். அந்த மகிழ்ச்சியில் எகிறிக் குதித்தவருக்கு முழங்கால் போயிற்று. பிறகு தோற்றார்கள். ஆறாவதில் ஒரே நாளில் மூன்று பேர்.

மனைவி கனகா ஊரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள். முதலில் “ஜெயிச்சாகளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், நான்காவது வாரத்திலிருந்து “இன்னைக்கு யாருக்கு?” என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஃபாரூக்கிடம் கார்மேகம் வருத்தம் தெரிவிக்கப் போனார். “நீங்க ஏன் காக்கா வருத்தப்படுறீங்க?” என்றார் ஃபாரூக். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். “தோக்குறவன் முதுகைக் காட்டிட்டுத்தானே ஓடுறான். கடைப் பேரு நல்லாத் தெரியுது.”

ஆறு ஆட்டம் முடிந்தபோது ஆறு தோல்வி, ஒன்பது ஃபாரம். ஒன்பதிலும் ஒரே வாக்கியம். வேறு வாக்கியம் கார்மேகத்திடம் இல்லை.

சேஃப்டி ஆபீஸர் சுரேஷ்குமார் நாகர்கோவில்காரர். எதையும் கோடு கிழித்து வண்ணம் தீட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நான்காவது ஆட்டம் முடிந்த வாரமே, மாதக் கூட்டத்தில் அவர் விபத்துகளைத் தூண்களாகக் காட்டும் ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். சைட்டுக்கு உரிய தூண் தரையோடு தரையாக இருந்தது. சி பிளாக் குளியலறைக்கு உரிய தூண் காகிதத்துக்கு வெளியே போகப் பார்த்தது.

“அம்பத்திரெண்டு மாடி உசரத்துல நிக்கிறவன் ஒருத்தனும் விழல. குளிக்கப் போறவன் விழுறான்” என்றார். “அதுவும் எல்லாம் ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் கார்மேகம் வழுக்குது?”

கார்மேகம் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் கொடுக்கப்படவில்லை.

“எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாங்க சார். லீவு நாளு.”

மறுநாள் குளியலறைக் கதவில் ஐந்து மொழிகளில் அறிவிப்பு வந்தது: எண்ணெய்க் குளியல் தடை செய்யப்பட்டுள்ளது. சி பிளாக்கில் அதுவரை எவனும் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில்லை. அறிவிப்பைப் பார்த்த பிறகு சிலருக்கு ஆசை வந்தது. அடுத்து, கருவியோடு ஒருவர் வந்து டைல்ஸின் மேல் அதை இழுத்துப் பார்த்து, டைல்ஸில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்து நாற்பது ரப்பர் விரிப்புகள் வந்து இறங்கின. எண்ணெயைத் தடுத்தாயிற்று, டைல்ஸ் மேல் தப்பில்லை என்றால், மிச்சம் இருப்பது கழுவுகிற ஆள்.

கழுவுகிற ஆள் ஹசன் அலி. பங்களாதேஷில் பரிசால்காரர். எட்டு வருடமாகத் தமிழர்களின் குளியலறையைக் கழுவிக் கழுவி, அவர்கள் தமிழையும் தன் இந்தியையும் ஒரே வாளியில் கலக்கிப் பேசுவார். பின்கேட் வேலியில் சாய்ந்து சி பிளாக்கின் ஆறு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் ஊரில் ஹா-டு-டு என்ற பெயரில் இதே கபடியை ஆடியவர் என்பதால், பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆறாவது ஆட்டத்துக்குப் பிந்திய புதன்கிழமை அவர் இரண்டு கடிதங்களோடு கார்மேகத்தின் அறைக்கு வந்தார்.

“பாய், யே ஏக், யே தோ. வார்னிங். தீஸ்ரா, மூணாவது வந்தா கலாஸ். டிக்கெட் போட்டு அனுப்புவான்.”

கார்மேகம் கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்ரூம்ல ஆளு விழல பாய்” என்றார் ஹசன் அலி. “கிரவுண்டுல விழுந்தான். நான் பாத்தேன். நீயும் பாத்தே. ஊர்ல என் வீட்டுக்குப் பாதி கூரை போட்டிருக்கு. பாதி ஆகாசம்.”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கார்மேகத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இனிமே ஒருத்தனும் பாத்ரூம்ல விழமாட்டான் பாய்” என்றார் கார்மேகம். “நான் சொல்றேன்.”

“தும் சொல்றே. எழுதுறதும் நீதான்” என்று சொல்லிவிட்டு ஹசன் அலி கடிதங்களை மடித்து எடுத்துப் போனார்.

இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி. அடிபட்டவர்களில் மூன்று பேர் தேறியும், பன்னிரண்டு பேரில் ஆறு பேர் இன்னும் கட்டிலில். மீதி ஆறு. ஏழாவது ஆளாகக் கார்மேகம் தன் பெயரை எழுதினார். கட்டிலில் காலை உயர்த்தி வைத்திருந்த கேப்டன் சதீஷ்குமார் சிரித்தான்.

“அண்ணே, நீங்களா? நீங்க கோடு போடுங்கண்ணே, போதும்.”

“சும்மா மூலையில நிக்கப் போறேன். ஒண்ணு மட்டும் கேளுங்கடா. எவனும் விழக்கூடாது.”

“கபடியில விழாம எப்படிண்ணே ஆடுறது?”

“பிடிக்கப் போகாதீங்க. தொட வந்தான்னா தொட்டுட்டுப் போகட்டும். முழுசா ஏழு பேரு போயி முழுசா ஏழு பேரு வரணும். அம்புட்டுதான்.”

அந்த ஞாயிறு சோனாப்பூர் அதுவரை காணாத கபடியைக் கண்டது. எதிரணிக்காரன் பாடிக்கொண்டு வந்தால் சி பிளாக்காரர்கள் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்களைப் போல ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் தொடுவதற்கு வசதியாகக் கையையே நீட்டினார்கள். தங்கள் முறை வந்தபோது நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு அடி போய், கபடி கபடி என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்கள். நடுவர் ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, “உடம்பு சரியில்லையா எல்லாருக்கும்?” என்று கேட்டார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். அறுபத்தெட்டுக்கு ஆறு. ஒரு சிராய்ப்பு இல்லை. களத்தில் சி பிளாக் தரப்பில் மிச்சமிருந்தது கார்மேகம் மட்டும். எவனும் அவரைத் தொட மெனக்கெடவில்லை என்பதால் மிச்சமிருந்தார்.

எதிரணியிலிருந்து பையன் போலிருந்த ஒரு கம்பி கட்டுகிறவன் பாடிக்கொண்டு வந்தான். கார்மேகம் கையை நீட்டினார். அவன் அதைத் தொட்டான். தொட்டுவிட்டுத் திரும்பும்போது, ஓடக்கூட இல்லை, கடைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி நடந்தான்.

கார்மேகம் பாய்ந்து அவன் காலைப் பிடித்தார்.

ஏன் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். ஓடியிருந்தால் விட்டிருப்பேன் என்றார். அவன் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தான். கார்மேகம் விடவில்லை. கோடு போட்டவருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல். மண்ணில் கன்னத்தை வைத்து அதை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. வேலியில் ஹசன் அலி, “பக்டோ! சோடோ மத்!” என்று கத்தினார். பிடி, விடாதே என்று. பிறகு எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்து, “சோடோ பாய், சோடோ!” என்று மாற்றிக் கத்தினார்.

வலது தோள் ‘டொக்’ என்றது. அவன் விரல் கோட்டைத் தொட்டது.

திங்கட்கிழமை காலை கை கழுத்தில் தொங்கியது. சதீஷ்குமார் ஒற்றைக் காலில் குதித்து வந்தான்.

“சி பிளாக்னு போட்டாத்தானண்ணே அந்தாளுக்குப் பிரச்சினை? ஏ பிளாக் பாத்ரூம்னு போட்ருவோம்.”

“ஏ பிளாக்கையும் அவர்தான்டா கழுவுறாரு.”

எழுதுகிற கை கட்டுப் போட்டிருந்ததால் சுரேஷ்குமாரே பேனாவை எடுத்தார். வழக்கமாக எழுத வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். முதல் எழுத்தைப் போட்டும்விட்டார்.

“பாத்ரூம்தானே?”

“இல்ல சார். கபடி.”

சுரேஷ்குமார் எழுதிய எழுத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த தூணைப் பார்த்தார்.

“அப்ப அந்த ஒம்பது?”

“ஒம்பதும் சார்.”

“எண்ணெய்?”

“அதும் இல்ல சார்.”

எழுதிய முதல் எழுத்தை அடித்தார். “நாப்பது விரிப்பு வாங்கியிருக்கேன் கார்மேகம்” என்றார் சுரேஷ்குமார். பிறகு வேறு குரலில், “ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சீங்களா?”

“இல்ல சார்.”

கார்மேகத்துக்கு ஒரு வார்னிங் லெட்டர், பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு ஒன்று. பின்கேட்டுக்குப் பூட்டு. ஏழு ஆட்டத்துக்கும் ஏழு பேரை நிறுத்தியதால் அடுத்த வருடப் பட்டியலில் சி பிளாக்கின் பெயர் இருந்தது. திடலுக்குப் போகத்தான் வழியில்லை. ஹசன் அலிக்கு மூன்றாவது கடிதம் வரவில்லை. ஆனால் கொடுத்த இரண்டைத் திரும்பப் பெறுவதற்குக் கம்பெனியில் ஃபாரம் இல்லாததால் அவை கோப்பிலேயே இருந்தன. இன்னொருவர் விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றது தலைமை அலுவலகம். எண்ணெய்க் குளியல் தடையும் நீடித்தது.

ஹசன் அலி நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. நாற்பது விரிப்பையும் தினம் இரண்டு வேளை தூக்கி, அடியில் கழுவி, காயவைத்துப் போட வேண்டியிருந்தது. “சொல்றதுதான் சொன்னே பாய்” என்றார், “மேட் வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்.”

சேஃப்டி உதவியாளர் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால் கார்மேகமே தொடர்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரம், பஸ் கிளம்புமுன் ஜெயசீலன் ஆபீசுக்கு வந்தான். இடுப்பில் துண்டு. புருவம் பிளந்து ரத்தம். ஒரு காதில் சோப்பு நுரை. விரிப்பின் மடங்கிய ஓரத்தில் கால் தடுக்கி, குழாயில் முட்டியிருக்கிறான். கார்மேகம் பஞ்சை எடுத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த சுரேஷ்குமார் எழுந்து வந்தார்.

“என்னடா ஆச்சு?”

“சார், பாத்ரூம்ல…” என்று ஆரம்பித்தவன் வாசலைப் பார்த்தான். ஹசன் அலி மாப்போடு நின்றுகொண்டிருந்தார். மாப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. 

ஜெயசீலன் காதைத் துடைத்துக்கொண்டான்.

“கபடி சார்.”

“காலங்காத்தால அஞ்சு மணிக்கா?”

“ஆமா சார்.”

“பின்கேட்டு பூட்டியிருக்கேடா. யார்கூட ஆடுன?”

“தனியா சார். பிராக்டீஸ்.”

சுரேஷ்குமார் அவனுடைய துண்டைப் பார்த்தார். ஹசன் அலியைப் பார்த்தார். சுவரில் சி பிளாக் குளியலறையின் தூண் இரண்டு மாதமாகத் தரையோடு தரையாக இருந்தது. அதையும் பார்த்தார்.

“இது ரெண்டாவது வார்னிங் ஆயிரும், தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“எழுதுங்க கார்மேகம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கார்மேகம் பேனாவைத் திறந்து, தான் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த இரண்டாவது வாக்கியத்தை அச்சடித்த மாதிரி எழுதினார்.