குட்டை மேடத்தின் செதில்கள்

கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய மழைத்தண்ணீருக்கு முன்னால் குட்டை மேடம் குந்தியிருக்கிறார். கையில் காலி இருமல் மருந்து பாட்டில். பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, கலக்கிடாதீங்க" என்கிறார், தூங்கும் குழந்தையைக் காட்டுவதுபோல்.

ஆள் நல்ல உயரம். குட்டை குட்டையாகத் தேடி அலைவதால் ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் அது. அவர் வீட்டில் யாருக்கும் இருமல் முழுதாகக் குணமானதில்லை. மருந்து தீருமுன்பே பாட்டிலைக் கழுவிவிடுவார்.

குட்டைத் தண்ணீரில் வாழும் ஒருவகை ஒற்றைச் செல் உயிரிகளை இனம் பிரிப்பது அவர் வேலை. மணலில் இருக்கும் அதே சிலிகாவால் இவை உடம்பெங்கும் செதில் போர்த்திக்கொள்கின்றன. அந்தச் செதிலின் வரியையும் குழியையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். ஆனால் துளித் தண்ணீரைக் காயவைத்ததும் செல் உடைந்து, கல்யாண வீட்டு வாசல் செருப்புகள்போல் செதில்கள் சிதறிவிடும். எதற்கு எது ஜோடி என்று தெரியாது.

முதன்முதலில் கண்ட புது இனத்துக்கு நாத்தனார் பெயரை வைத்தார். இவர் நுண்ணோக்கியே கதியென்று கிடந்த வருடங்களில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் நாத்தனார்தான். கணவருக்கோ அக்காவோடு சின்ன வயதிலிருந்தே எதிலும் போட்டி. அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த குட்டையில் வேறு வடிவச் செதில் கிடைத்ததும் அதற்குக் கணவர் பெயர். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும், "என் பேர்ல ஒரு உயிர் இருக்கு, தெரியுமா?" என்றுதான் கணவர் ஆரம்பிப்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்தபடியே சொல்லியிருக்கிறார்.

நாத்தனார் போன வருடம் இறந்துபோனார். இந்த மழைக்காலத்தில்தான் உடையாத செல் ஒன்று குட்டை மேடத்துக்குக் கிடைத்தது. முன்பக்கம் அக்காவின் செதில், பின்பக்கம் தம்பியின் செதில். இரண்டு இனமென்று அறிவித்தது ஒன்றேதான். உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். கணவரின் பெயர் போய்விடும்.

வேறு யாருக்கும் தெரியாது. குட்டை மேடம் படத்தை மூடிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கேட்காமலே கணவருக்கு இரண்டாம் முறை பரிமாறினார். அதிலேயே கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

"அப்ப நான் யாரு?"

"உங்க அக்காவோட பின்பக்கம்."

"வெளிய சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பல் டாக்டர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று கணவர் கொஞ்சம் புலம்பினார். பிறகு காட்டச் சொன்னார். கணினித் திரையில், ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த செதில்களோடு அந்தச் செல் விரிந்தது.

"இதுல அவ எது?"

குட்டை மேடம் காட்டினார்.

"இத்தனை நாளா ஒரே உடம்புலயா இருந்தோம்..." வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் கணவர். "சரி, எழுதி அனுப்பிடு."

பிறகு அக்காவின் செதிலை நோக்கி விரலை நீட்டினார். திரையில் யார் கைபட்டாலும் சீறிவிழுகிற குட்டை மேடம், நாற்காலியைச் சற்றே நகர்த்தி, அந்த விரல் எட்டுவதற்கு இடம் விட்டார்.