எத்தனாவதாகக் கையைத் தூக்கினார்?

பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசுகிறவர் என் வீட்டுக்காரர். "மைக்" என்றால் கண்டக்டரில் இருந்து கழிப்பறைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், சொந்தப் பெயரைச் சொன்னால் "யாரு?" என்பார்கள். அதற்கு முன்னால் பட்டாளத்தில் வயர்லெஸ்காரராக இருந்தார். காலாட்படை எங்கேயாவது மாட்டிக்கொண்டு திணறும்போது, விமானத்தைக் கூப்பிட்டு, குண்டை எங்கே போட வேண்டும் என்று தரையில் இருந்து சொல்கிற வேலை. வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காது பாதி. காது கேட்காத ஆளையா மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பேசுகிற வேலைக்கு வாய் இருந்தால் போதும்.

அவரோடு குடித்தனம் நடத்த தனிப் பொறுமை வேண்டும். எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வார். "வரும்போது சோப்பு ரெண்டு, பல்பு ஒண்ணு" என்றால், "சோப்பு ரெண்டு, பல்பு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நிற்பார். நான் "சரி" என்று சொன்னால்தான் செருப்பை மாட்டுவார். ஒரு நாள் கடுப்பில் சரி சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். கால்மணி நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறார் மனிதர்! அவர்கள் வேலையில் அப்படித்தானாம். குண்டு விழ வேண்டிய இடத்தின் வரைபட எண்ணை இவர் சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் சரி என்றால்தான் குண்டு விழும்.

எனக்கு வாய்த்தது பதக்கம் வாங்கின மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்தபோதே அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் அப்பாவை மடக்கினார்கள். மலைச்சரிவில் இருபத்திரண்டு பேர். எதிரி பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான். இனி தப்ப வழியில்லை என்றானதும் இருபத்திரண்டு பேரும் கையைத் தூக்கிச் சம்மதம் சொல்ல, இவர் விமானத்தைக் கூப்பிட்டு "எங்கள் மேலேயே போடு" என்றாராம். இருபத்தொரு பேர் பிழைத்தார்கள், ஒருவர் போய்விட்டார். பதக்கத்தோடு கொடுத்த காகிதத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. என் அக்கா தன் வீட்டுக்காரரின் புதுக் காரைப் பற்றி அளக்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையை எடுத்து விடுவேன். அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். இவர் மட்டும் அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் போனாரே ஒருவர், அவருடைய மனைவி எழுதியிருந்தாள். படைப்பிரிவில் ஒரு மண்டபம் கட்டுகிறார்களாம். கையைத் தூக்கிய இருபத்திரண்டு பேரின் பெயரையும் கல்லில் வெட்டப் போகிறார்களாம். இறந்தவர் பெயரைப் போட அவளுடைய கையெழுத்து வேண்டுமாம். "போடுவதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன்" என்று முடித்திருந்தாள்.

நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. துணி தீயும் வாடை வந்ததும் நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"யாரும் கையைத் தூக்கல" என்றார்.

"என்னது?"

"யாரும் கையைத் தூக்கல. நான் யாரையும் கேட்கவே இல்லை. அட்டையில ரெண்டு வரி எழுதியிருந்தேன். மேல் வரி நாங்க இருக்கிற இடம், கீழ் வரி அவங்க இருக்கிற இடம். நான் மேல் வரியைப் படிச்சுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்துவிடக் கூடாது என்றிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, மைக்கில் பஸ் நேரம் சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

மத்தியானம் ஒரு மணி. வெயில். நூறு மீட்டர் தள்ளி எதிரி. அவ்வளவு பக்கம் என்பதால் இரண்டு வரிக்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், எட்டும் ஒன்பதும். விமானி "இலக்கு எங்கே?" என்று கேட்டபோது பக்கத்தில் ஏதோ வெடித்து கண்ணெல்லாம் மண். துடைத்துக்கொண்டு படித்திருக்கிறார். "நாலு ஒன்று எட்டு, ஆறு இரண்டு ஏழு. எங்கள் ஆட்கள் மேற்கே நூறு மீட்டர்." விமானி அதை அப்படியே திருப்பிச் சொன்னார். இவரும் கேட்டார். சொன்னதுதான் திரும்பி வந்தது, ஒரு எழுத்து பிசகவில்லை.

"நான் 'சரி'ன்னு சொன்னேன்" என்றார். "காதால கேட்டேன். அட்டையைத் திரும்பப் பார்க்கல."

நான் ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற இடத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளி பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுவது எனக்கு வாரத்தில் ரெண்டு தடவை நடக்கும். அடித்துவிட்டு மேலே எழுதுவேன், அவ்வளவுதான். அதே தப்பு.

அதற்குள் எதிரி மேலேறி பதுங்குகுழிக்கு நாலடி தூரத்துக்கே வந்துவிட்டானாம். அவர்கள் வெட்டவெளியில் நின்றார்கள், இவர்கள் குழிக்குள் இருந்தார்கள். குண்டு நடுவில் விழுந்தது. சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் ஆளில்லாத சரிவில் விழுந்திருக்கும், இருபத்திரண்டு பேரும் போயிருப்பார்கள். தப்பு எண் காப்பாற்றிவிட்டது, ஒருவரைத் தவிர. அவர் பின்பக்கம் போய் தோட்டாப் பெட்டி இரண்டை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். குழிக்கு இருபது அடி பாக்கி.

"அப்புறம் இந்தக் கையைத் தூக்கின கதை எங்கிருந்து வந்துச்சு?" என்றேன்.

பட்டாள ஆஸ்பத்திரியில் காதில் பஞ்சும் கட்டுமாகப் படுத்திருக்கிறார். அதிகாரி வந்து குனிந்து என்னவோ கேட்கிறார். வாய் அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். மறுபடி என்னவோ கேட்டார். மறுபடி தலையாட்டினார். அதிகாரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தபோதுதான் விஷயம் வேறு என்று உறைத்திருக்கிறது. "தெரிஞ்சேதான் நம்ம இடத்தைக் கொடுத்தீங்களா? எல்லாரும் கையைத் தூக்கிச் சம்மதிச்சாங்களா?" என்பதுதான் கேள்வியாம். நூறு மீட்டர் தள்ளி இருக்கிறோம் என்று சொன்னதுகூட, விமானி தயங்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

"மத்த இருபது பேருக்கு வாய் இல்லையா?"

"ஆளுக்கொரு குழி. பக்கத்துக் குழியில கேட்டிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தனும் நினைச்சுக்கிட்டான். உயிரோட வந்தவனைப் பார்த்து நீ வீரன்னு சொன்னா, எவன் இல்லைன்னு சொல்வான்?"

பதினோரு வருஷம். ஒன்பது வருஷம் என்னோடு. ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் பொண்ணு பள்ளிக்கூடத்தில் இதைப் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இஸ்திரிப் பெட்டியையே தூக்கிப் போட்டிருப்பேன்.

"கடிதம் எழுதின அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப் போறேன்" என்றார்.

"சொல்லக் கூடாது" என்றேன். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. "உங்க பதக்கம் நாசமாப் போகட்டும், அதுக்காகச் சொல்லல. அவளை நினைச்சுப் பாருங்க. புருஷன் வீரனாப் போனான்கிற ஒண்ணை வச்சுத்தான் அவ காலத்தைத் தள்ளிக்கிட்டிருப்பா. அதையும் பிடுங்கிட்டு அனுப்புறதா? ஒரு எண்ணைத் தப்பாப் படிச்சதுல செத்தார்னு சொல்ல உங்களுக்கு வாய் வருமா?"

மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். அவள் என்ன கேட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். என் வயசுதான் இருக்கும். தோளில் கைப்பை, கையில் படைப்பிரிவு அனுப்பிய உறை. நான் டீ கொடுத்தேன். பையன் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள், "பையன் வரலையா?" என்று கேட்டேன். பரீட்சை, படிக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தாளாம். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. இவருடைய நல்ல காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அவர் எத்தனாவதா கையைத் தூக்கினார் அண்ணே?"

இவர் விழித்தார். நானும் விழித்தேன்.

"முதல்லயே தூக்கினாரா, கடைசியிலயா? கடைசியில தூக்கினார்னு சொன்னீங்கன்னா கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு நிமிஷமாவது எங்களை நினைச்சுத் தயங்கியிருக்கார்னு வச்சுக்குவேன். பையன் அப்ப மூணு மாசக் குழந்தை அண்ணே. எப்படி மனசு வந்துச்சு அவருக்கு? சாகறதுக்குச் சம்மதம்னு எப்படிக் கையைத் தூக்கினார்? பதினோரு வருஷமா அவர் போட்டோவை நான் சுவத்துல மாட்டல."

எதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதுதான் இவளைப் பதினோரு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. இவர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க" என்றேன். சத்தம் வரவில்லை, வாய் அசைந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வரி, எட்டு, ஒன்பது, தலையாட்டியது, எதையும் பூசி மெழுகவில்லை. "உங்க வீட்டுக்காரரைக் கொன்னது நான்தாம்மா" என்று முடித்துவிட்டு, அடிக்குக் காத்திருப்பவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்துவாள், காறித் துப்புவாள் என்று நானும் சுவரோடு ஒட்டி நின்றேன். துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் கத்தவில்லை. நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"அப்போ அவர்கிட்ட யாரும் கேட்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"அந்தப் பெட்டியை இழுத்துக்கிட்டு... எங்க வந்துக்கிட்டிருந்தார்?"

"எங்ககிட்டதான். சீக்கிரம் முடிங்கடா, வெள்ளிக்கிழமை நான் லீவுல போகணும், புள்ளையை இன்னும் பார்க்கலன்னு சொல்லிட்டுத்தான் பெட்டி எடுக்கப் போனார்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய் தோளைப் பிடித்தேன். இவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அந்த அறையில் இவர் ஒருவர் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. பையைத் துழாவி போனை எடுத்தாள். எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி தப்பாக அழுத்தினாள். நான்தான் அவள் சொல்லச் சொல்ல அழுத்திக் காதில் வைத்தேன்.

"கண்ணா, படிச்சது போதும், அம்மா சொல்றதைக் கேளு" என்றாள். "அம்மா உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்டா. அப்பா கையைத் தூக்கலடா. நம்மகிட்ட வர்றதாத்தான்டா இருந்தார்."