ஊறுகாய் ஜாடியை யார் எடுப்பது?

ஒருவருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை, அவருடைய நன்மைக்காகவே மீறலாமா?

இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்... ஆனால் உங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்களே?

சின்னவன் பிறந்த பிறகு கருத்தடைக்கு லூப் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஒரு தொல்லை. மாதவிலக்கு முடிந்து, தலைக்குக் குளித்து, சமையலறைக்குள் நுழைந்து நாலு நாள் ஆகியிருக்காது — துணியில் மறுபடியும் கறை. இது எதில் சேர்த்தி? விலக்கு என்றால் ஒதுங்கி உட்கார வேண்டும். விலக்கு இல்லை என்றால்... பிறகு என்ன?

அந்த 'பிறகு என்ன'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, நான் போய்விட்டால் இந்தக் குழந்தைக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஓர் ஊறுகாய் ஜாடி.

என் வீட்டுக்காரர் இங்கே பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்கிறார். மெருகு சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய பெரிய ஜாடி ஒன்றை எப்போதோ கொண்டுவந்தார். அத்தையின் — அதாவது என் மாமியாரின் — மாங்காய் ஊறுகாய் அதில்தான் இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. விலக்கானவள் நிழல் பட்டால்கூடப் பூசணம் பிடிக்கும் என்பது அவர் சட்டம்.

அந்த ஜாடியைத்தான் இந்த வருஷம், "இந்தாம்மா, இனிமே நீயே எடுத்து வையி" என்று என்னிடம் ஒப்படைத்தார். எனக்கு எத்தனை பெருமை! மருமகளுக்குப் பதவி உயர்வு என்றே நினைத்தேன். கறை பட்ட நாட்களிலும் அதைத் திறந்தேன்... ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் மட்டும் வளர்ந்தது.

போன வாரம் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. லேடி டாக்டர் சோதித்துவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"லூப் வெச்ச புதுசுல இப்படி வரலாம்மா. இப்போ பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியல. அதிகமாப் போனாலோ, வலி, காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடி வா. இல்லேன்னா அடுத்த மாசம் வா, மறுபடி பாக்கலாம்."

உயிர் திரும்பி வந்தது. டாக்டர் விடவில்லை.

"இந்த ஊர்ல உங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம். எப்ப ரத்தம் வந்தாலும் வீட்டு விலக்குன்னு மூணு நாள் ஒதுங்கி உக்காந்துட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு எழுந்துடறீங்க. நோயா இருக்குமோன்னு யாருமே கேக்கறதில்ல. கேட்டுக்கோ — நின்னுபோய் வருஷக்கணக்கான பொம்பளைக்கு ஒரு சொட்டு வந்தாலும் விடக் கூடாது. உடனே வந்து காட்டணும்."

வீட்டில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" என்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். கடைசி வரியையும்தான்.

கீரை ஆய்ந்த கை நின்றது.

"ஒரு சொட்டுன்னாலுமா?"

"ஆமாங்க அத்தை."

"சும்மா கறையாட்டம் இருந்தாக்கூடவா?"

அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே விலக்கு நின்றுபோனவர் அவர்.

"எத்தனை மாசமாங்க அத்தை?"

"சித்திரையிலேருந்து... நான் ஜாடியத் தொடறதில்லியே, நீ பாக்கல?"

பதவி உயர்வு!

"நாளைக்கே போலாங்க அத்தை" என்றேன்.

"போடி இவளே! பேரன் எடுத்தவ இதுக்குப் போயி காட்டுனாளாம்னு தெருவே சிரிக்கும். அந்த டாக்டரு எம் பொண்ணு வயசு. ஸ்ரீமுஷ்ணம் போயி பெருமாளச் சேவிச்சிட்டு வந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

"சரி, பஸ்ஸுக்கு நேரமிருக்கு. இப்பவே கெளம்புவோம்."

"இந்த ஒடம்போட எப்பிடிடி கோயிலுக்குள்ள போறது?"

ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கம், கோயிலுக்குப் போகத் தீட்டு. நடுவில் கறை மட்டும் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து, என் மடியில் இருந்த சின்னவன் தலைமேல் வைத்துவிட்டார். "எம் புள்ளகிட்ட மட்டும் மூச்சு விடாத. அவன் மூஞ்சிய நான் அப்புறம் எப்பிடிப் பாப்பேன்? சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன்.

படித்தவள்தான் நான். சத்தியத்தை மீறினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் அது என் குழந்தையின் தலை! சொன்னால் இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, சொல்லாவிட்டால் அத்தைக்கு ஆகிவிடுமோ... கை தானாக அடிக்கடி சின்னவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது. சூடு இருக்கிறதா என்று.

உங்களிடம் சொல்வதில் தடையில்லை. மகனிடம் சொல்லாதே என்றுதானே கேட்டார்? அவர் மகன் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. "நீ பேசறத வூட்லயே கேக்கறனே, காசு குடுத்து வேற படிக்கணுமா?" என்பார்.

டாக்டர் என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் அல்லவா? "தனியாப் போக பயமா இருக்குங்க அத்தை, தொணைக்கு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறேன். பொய்யில்லை. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெஞ்சு வரைக்கும் வருவார், எனக்குத் தெரியும். என் பெயரைக் கூப்பிட்டதும் குழந்தையை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார். அதுவும் தெரியும்.

பெரியவர்களை இப்படி அழைத்துப் போய்ப் பழக்கப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த பெஞ்சிலிருந்து டாக்டரின் திரைக்குப் பின்னால் வரை ஒருவரை எழுந்து வரச்செய்ய என்ன சொல்ல வேண்டும்? தயவுசெய்து உடனே எழுதுங்கள். இன்றைக்கும் ஜாடியை நான்தான் எடுத்து வைத்தேன்.