அக்காவுக்கு ஒரு தண்ணீர்ச் சத்தம்

அந்தத் தெருவில் வாஷர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். சட்டைப் பையோ கால்சட்டைப் பையோ, எதில் கை விட்டாலும் ரெண்டு ரப்பர் வாஷர் கிடைக்கிற மனுஷன். பிழைப்பு குழாய் வேலை. அப்பாவுக்கும் அதே வேலை, தாய்மாமனுக்கும் அதே வேலை. பெரியப்பா ஒருத்தர்தான் தப்பித்துக் கணக்கு எழுதப் போனார். வாஷர் ஒரு வீட்டுக்குள் காலை வைத்தால், சௌக்கியமா என்று வாய் கேட்பதற்கு முன்னாலேயே எங்கே சொட்டுகிறது என்று காது தேட ஆரம்பித்துவிடும். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, குளியலறையில் குந்திக் குழாயைக் கழற்றியவர் அவர். அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை என்று அவர் மனைவி சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற வண்டியில் கம்பியைத் தொடாமல் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் கிழித்தவள். வாக்கப்பட்ட இடத்தில் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. வயசான காலத்தில் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் முழுசாகவே இருட்டிவிட்டது. தம்பி போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே என்றதும் சொந்தக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஆனாலும் அக்கா ஒருநாள், பார்வையில்லாதவர்கள் தங்குகிற விடுதி ஒன்றுக்குத் தானே போன் போட்டுப் பேசி முடித்துவிட்டாள். மாதம் பிறந்ததும் அங்கே இடம் காலியாகிறதாம்.

"உனக்கு இங்க என்ன குறை?" என்றார் வாஷர்.

"குறை ஒண்ணுமில்லடா. வீட்டுக்குள்ள சுவர் இருக்கு, தடவிக்கிட்டுப் போயிடுறேன். தோட்டத்துல இறங்கினா திக்குத் தெரியல. அன்னிக்கு எலுமிச்சை முள்ளுல போய் மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் காத்து வாங்கணும்னாக்கூட உன் பெண்டாட்டி அடுப்பை அணைச்சிட்டு வந்து என் கையைப் பிடிக்கிறா."

"நான் எப்பவாவது சலிச்சுக்கிட்டேனா அண்ணி?" என்றாள் மனைவி.

"நீ சலிக்கலம்மா. சலிக்கிற வரைக்கும் இருக்க வேண்டாம்னுதான் போறேன்."

வாஷர் விடுவதாயில்லை. பின்வாசலிலிருந்து தோட்டத்து மரத்தடி வரைக்கும் ஒரு கயிறு கட்டிப் பார்த்தார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி எப்ப வருது?" என்று கேட்டாள். அன்றைக்கே அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் மனைவி குழாயடியில் வாளியை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். வாளி நிறைந்து வழிந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து, சுவரைத் தடவாமல், எதிலும் இடிக்காமல், கோடு போட்ட மாதிரி போய்க் குழாயை மூடினாள். "ஊர்க் குழாயெல்லாம் அடைக்கிறவன் வீட்டு லட்சணத்தைப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். வாஷர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார். தண்ணீர் சத்தம் போட்டால் அக்கா தானாக நடந்து வருவாள் என்பது கணக்கு. குழிக்குள் பழைய பிளாஸ்டிக் டிரம்மை இறக்கி, அதற்குள் ஒரு சின்ன மோட்டாரை வைத்து, மேலே இரும்புக் கம்பி வலை போட்டார். அடுத்த தெருவில் இடித்த வீட்டின் அஸ்திவாரக் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கல்லின் நடுவில் துளை போட்டுக் குழாயைச் செருகினார். ஒன்றின் மேல் ஒன்றாக இடுப்பளவுக்கு அடுக்கினார். கீழேயிருந்து ஏறுகிற தண்ணீர் உச்சியில் வழிந்து, கல்மேல் இறங்கி, வலை வழியாகத் திரும்ப டிரம்முக்கே வந்துவிடும்.

எல்லாம் சரி. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு இடுக்கிலும் ஒழுகல் அடைக்கிற பசையைப் பிதுக்கி, விரலால் தடவி, கல்லுக்குக் கல் ஈ நுழைய இடமில்லாமல் அடைத்துவிட்டார். விளிம்புகளையெல்லாம் தேய்த்து மழுக்கினார்.

பசை காய்ந்ததும் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் உச்சியில் ஊறி, எண்ணெய் மாதிரி கல்லோடு கல்லாக வழுக்கி, டிரம்முக்குள் போய்ச் சேர்ந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அக்கா பின்வாசலில் நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இன்னும் போடலையா தம்பி?"

அவள் கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நிஜமாகவே கேட்டாள்.

மனைவி கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லா வேர்க்குதுங்க உங்க கல்லுக்கு. ஒரு சொட்டு தப்ப விடல, அப்புறம் சத்தம் எங்கேருந்து வரும்?"

"பசையை எடுத்தா ஒழுகும்டி."

"ஒழுகட்டும். அதுக்குத்தானே கட்டினீங்க?"

வாஷர் உளியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் இடுக்கைப் பெயர்க்கும்போது பல் பிடுங்குகிற முகம். பெயர்த்தபிறகோ தண்ணீர் இஷ்டத்துக்குப் பின்பக்கமாகப் போய் மண்ணில் இறங்கியது. டிரம் வற்றி மோட்டார் இரைந்தது. மறுபடி தண்ணீர் நிரப்பி, மேல்கல்லை முன்பக்கம் சாய்த்து, அடியில் சில்லு கொடுத்துத் தூக்கினார். அக்கா படியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள்.

"கேக்கல... ரைட், இன்னும் கொஞ்சம்... இப்ப இரைச்சலாயிடுச்சு, எந்தப் பக்கம்னே தெரியல. பின்னால வா... ஹோல்டான். அங்கேயே நிறுத்து."

தண்ணீர் மேல்கல்லின் விளிம்பை விட்டுப் பிரிந்து, கீழ்க்கல்லின் குழிவில் விழுந்தது. கனத்த சொட்டுகளாக, டொக் டொக் என்று. அந்தச் சத்தம் கேட்டதும் வாஷரின் கை தன்னால் பசைக் குப்பிக்கு நீண்டது. மனைவி குப்பியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அக்கா எழுந்து படியிறங்கினாள். மனைவி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். வாஷர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்கா மெதுவாக நடந்தாள். எலுமிச்சைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கினாள். நின்றாள். காதைத் திருப்பினாள். பாதையைச் சரி பண்ணிக்கொண்டு மறுபடி நடந்தாள். முழங்கால் கல்லில் இடித்தது. விழுகிற தண்ணீரில் கையை நீட்டி, ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இங்க உக்கார ஒரு கல்லு போட்டிருக்கலாம்ல" என்றாள்.

அதையும் போட்டார். மாதம் பிறந்து விடுதியிலிருந்து போன் வந்தபோது அக்கா அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். மனைவி போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இப்போதைக்கு வேண்டாங்க. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்திடுங்க" என்று சொல்லி வைத்தாள் அக்கா. அப்புறம் வேறொரு யோசனை வந்தவள் போல வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஏம்மா, இங்க வர்றதுக்குத் தண்ணி இருக்கு. திரும்பி வீட்டுக்கு வர்றதுக்கு?"

"அடுப்படி ஜன்னல் இந்தப் பக்கம்தான் அண்ணி. நான் பேசிக்கிட்டேதானே இருப்பேன்."

"அதை எந்தப் பசையாலயும் அடைக்க முடியாதுக்கா" என்றார் வாஷர்.