ஏழு பேரும் எழுதிய இருபத்தைந்து நிமிடம்

மூன்றாம் படிவம் படித்தபோது எங்களைக் காப்பி அடித்தவர்கள் என்று நிற்க வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அன்றைக்கு யார்மேல் எரிந்ததோ, இப்போது அவர்மேல் இல்லை.

கூலாய் ஊரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் என் சித்தி டியூஷன் நடத்தினார். கேள்வியை முழுசாகப் படிக்கிற வழக்கமே அங்கே கிடையாது. என்ன வகை என்று கண்டுபிடித்தால் போதும். ரயில் வந்தால் பெருக்கு. தொட்டி வந்தால் அதன் கொள்ளளவைக் குழாயின் எண்ணால் வகு. கை வலிக்கும்வரை எழுத வைப்பார். ஏன் என்று வாயைத் திறந்தால், "பரீட்சையில ஏன்னு கேப்பாங்களா? ஸ்டெப்ப எழுதுலா!" என்று அதட்டுவார்.

ஆண்டிறுதிப் பரீட்சையில் தொட்டி வந்தது. ஐந்நூறு லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே இருநூறு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. குழாயில் நிமிடத்துக்கு இருபது லிட்டர் வருகிறது. நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரே குஷி. இருபத்தைந்து நிமிடம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சித்தியிடம் படித்த ஏழு பேரும் அதையே, அதே வரிகளில் எழுதியிருந்தோம்.

கணக்கு டீச்சர் ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார். பார்த்து எழுதியது உறுதியானால் முழுத் தாளுக்கும் பூஜ்யம். அப்புறம் நான்காம் படிவத்தில் சயின்ஸ் வகுப்பை நான் மறந்துவிட வேண்டியதுதான். சேனாய் தொழிற்சாலையில் அரை நாள் லீவு போட்டு ஓடிவந்த அம்மா, "என் பிள்ள அப்படிப்பட்டவ இல்ல டீச்சர்!" என்று அழுதே விட்டார்.

"அப்ப இங்கயே போட்டுக் காட்டட்டும்."

போட்டேன், பலகையில், ஒரு வரி பிசகாமல்.

"ஏம்மா வகுத்த?"

"தொட்டின்னா வகுக்கணும், டீச்சர்."

"ஏற்கெனவே உள்ள இருந்த தண்ணி?"

அடடா, என்ன அநியாயம்! கணக்கைப் போடச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால்? கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டு எப்படியாவது என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று உடம்பெல்லாம் கொதித்தது. அவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "காப்பி அடிக்கல. கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. தோற்றுப்போன ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை, ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.