கோர்டி திரும்பும் பக்கம்

மில்வாக்கி நகரப் பேருந்து ஓட்டுநர்களுள் பெர்னடீன் ஸாஸ்ட்ரோவைப் போல் பயணிகளை அறிந்தவர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். நிறுத்தத்தில் நிற்பவர் ஏறப்போகிறாரா, வெறுமனே நிற்கிறாரா என்பதைத் தெருமுனையிலேயே கண்டுகொள்வார். "எந்தக் கால்ல எடையப் போட்டு நிக்கறாங்கன்னு பாத்தா போதும்" என்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பார்வை முழுவதும் பேஸ்பால் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. வளைபந்து வீசுவதற்காகப் பந்தெறிபவர் கையுறைக்குள் விரல்களை மாற்றிப் பிடிக்கும்போது கையுறையின் வாய் சற்றே அகலும். எதிரில் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முழங்கால் ஒரு பக்கம் சாயும். இவற்றைக் கண்டு, அடுத்து வருவது வேகப்பந்தா வளைபந்தா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சில நேரம் தவறும். பலிக்கும்போது அரங்கில் எங்கள் இருக்கைப் பகுதி முழுவதும் அதைப் பற்றியே பேசும்.

அவர் சொல்வது எங்களுக்காக அன்று, கணவர் கோர்டிக்காக. வீடுகளின் வெப்ப உலைகளைப் பழுது பார்த்துப் பிழைத்த கோர்டிக்குத் திருமணத்துக்கு முன் பேஸ்பால் பிடிக்காது. பெர்னடீன்தான் பிடிக்கச் செய்தார். அன்று முதல், பந்தெறிபவர் மேட்டில் ஏறி நின்றதும் கோர்டியின் கழுத்து வலப்புறம் திரும்பும்.

"என்ன வரும், பெர்னி?"

"வளைபந்து."

பிறகு அவர் கடலையை உடைத்து, ஓட்டைக் காலடியில் போட்டுவிட்டு, பருப்பை மனைவியின் உள்ளங்கையில் வைப்பார். அவர்களுக்கு நேர் பின்னால் என் இருக்கை. வெகுகாலமாக நான் ஆட்டத்தைப் பார்த்ததே அந்த இரண்டு தலைகளுக்கு இடையே இருந்த சந்தின் வழியாகத்தான்.

கோர்டியின் இடப்புற இருக்கைக்காரர் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்து வந்த வசந்தத்தில் அவ்விடத்துக்குக் கிர்ஸ்டன் ஆல்ம்குவிஸ்ட் என்ற இளம்பெண் வந்தாள். பேஸ்பால் அணிகளுக்குத் தரவுகளை அலசித் தரும் மென்பொருளை உருவாக்கும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அதையே எளிமையாக்கி, ரசிகர்களுக்கான கைப்பேசிச் செயலியாகவும் அந்நிறுவனம் வெளியிட்டிருந்தது. அதை மைதானத்தில் வைத்துப் பார்த்துக் குறைகளைக் கண்டறிவது அவளுடைய பொறுப்பு.

முதல் நாளே கோர்டி அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக் கட்டம் என்னம்மா?"

"இந்த ஆள் எந்த இடத்துல போட்டா நல்லா அடிப்பார்ங்கறது. சிவப்புல போட்டா பந்து வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

"கீழ ஏதோ நம்பர் வருதே?"

"அடுத்தது என்ன பந்துன்னு சொல்லுது. வளைபந்து, எழுபத்தொரு சதவீதம்."

வளைபந்தே வந்தது. கோர்டி குழந்தையைப் போல் சிரித்தார். வலப்புறம் பெர்னடீனும் அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தார். சொல்லாத சொல்லைப் பீரோடு சேர்த்து விழுங்கினார்.

அதன்பின் கோர்டியின் கழுத்து இடப்புறம் திரும்பலாயிற்று. முதலில் இடையிடையே, பிறகு ஒவ்வொரு பந்துக்கும். பெர்னடீன் அனைத்தையும் கவனித்தார். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் கணவர் முகம் மழித்துக்கொள்வதைக் கவனித்தார். ஆட்டத்துக்கு முன் வழக்கம்போல் வாகன நிறுத்தத்தில் கரியடுப்பில் சாசேஜ் வாட்டும்போது, ஒன்றைக் காகிதத்தில் சுற்றி "கிர்ஸ்டன் வேலையிலேர்ந்து நேரா வரும், பசியோட இருக்கும்" என்று எடுத்து வைத்ததையும் கவனித்தார். கடலைப் பை இடப்புறம் முதலில் நீண்டது.

அந்தப் பெண் எவ்விதத்திலும் தவறானவள் அல்லள் என்பதுதான் அவரை மேலும் வாட்டியது. அவள் பணிவாகப் பேசினாள். பீர் வாங்கப் போனால் பெர்னடீனுக்கும் ஒன்று வாங்கி வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலும் அவள் சொன்னதே நடந்தது. பெர்னடீன் மூன்று முறை சரியாகச் சொன்னால் அந்தத் திரை நான்கு முறை சரியாகச் சொன்னது. வெறுக்கக் காரணம் கிடைக்காத ஒருத்தியை வெறுப்பது கடினமான வேலை. பெர்னடீன் அதை விடாமுயற்சியுடன் செய்தார்.

"என்ன பெர்னி, உன் வண்டிய விட்டுட்டு ஆளுங்க எல்லாம் அடுத்த பஸ்ல ஏறிட்டாங்க போல" என்று என் பக்கத்து இருக்கை ட்வெய்ன் சீண்டினான். அவன் குழாய்ப் பணியாளன். உரத்த குரலும் பெரிய வயிறும் உடையவன்.

"அடுத்த பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கான்னு பாத்துட்டு ஏறச் சொல்லு" என்றார் பெர்னடீன், திரும்பாமலே.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் ஒன்றில் அது நடந்தது. எங்கள் இளம் பந்தெறிபவன் ஒசோரியோ ஒருவரையும் ஒழுங்காக அடிக்கவிடவில்லை. சுற்றுகள் கழிந்துகொண்டே இருந்தன. பலகையில் எதிரணியின் அடிகளுக்கு நேரே சுழியம் மட்டுமே நின்றது. ஓர் அடிகூடக் கொடாமல் ஒன்பது சுற்றுகளையும் முடிப்பது பந்தெறிபவர் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது.

இப்படிப்பட்ட வேளையில் என்ன செய்யக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எண்ணாகவும் சொல்லக் கூடாது. சாடையாகவும் சொல்லக் கூடாது. பக்கத்தில் அமரும் சக ஆட்டக்காரர்களே அவனிடம் பேச மாட்டார்கள். சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும். இருக்கையை மாற்றுவதும் ஆகாது. பாதி தின்ற சாசேஜைக் கையில் பிடித்திருந்த ட்வெய்ன், அதைத் தின்னவும் துணியாமல் கீழே வைக்கவும் துணியாமல் அப்படியே வைத்திருந்தான். அவன் சட்டையில் கடுகுச் சாறு சொட்டியது. கழிப்பறைக்குப் போக வேண்டிய நானும் போகவில்லை.

எங்கள் பகுதியில் இந்த ஒழுங்கைக் காப்பவர் பெர்னடீன்தான். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட, அவரை வேறு பகுதிக்கே கிளப்பி அனுப்பியவர் அவர்.

எட்டாவது சுற்று தொடங்கிற்று. இத்தகைய நேரங்களில் கோர்டி மனைவியின் முழங்கையைப் பற்றிக்கொள்வது வழக்கம். பேச முடியாத நேரத்தில் அதுவே அவர்களுடைய பேச்சு. பெர்னடீன் முழங்கையைக் கைப்பிடியின்மேல் வைத்துக் காத்திருந்தார். கோர்டி இடப்புறம் சாய்ந்து, கிர்ஸ்டனின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வெறுமனே கிடந்தது.

அப்போது பெர்னடீன் கணவரைத் தாண்டிக் குனிந்து, மிகவும் இனிமையான குரலில் கேட்டார்.

"ஏம்மா கிர்ஸ்டன், உன் போன்ல இன்னிக்கு என்னதான் காட்டுது?"

கிர்ஸ்டன் எண்களின் வழியாகப் பேஸ்பாலுக்கு வந்தவள். எங்கள் வாய்ப்பூட்டை அவள் அறிந்திருக்கவில்லை. பெர்னடீன் தன்னிடம் கேட்ட முதல் கேள்வி அது என்ற மகிழ்ச்சியில் அவள் தெளிவாகவே பதில் சொன்னாள்.

"ஒசோரியோ ஒரு அடியும் குடுக்காம முடிக்கறதுக்கு முப்பத்து நாலு சதவீதம். இந்த வருஷத்துல இதான் அதிகம்."

முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ட்வெய்ன் சாசேஜைக் கீழே போட்டான். அடுத்த பந்தை மட்டையாளர் பட்டும் படாமலும் தட்டினார். அது நொண்டியடித்தபடி மேலெழும்பி, ஓடிவந்த இருவருக்கும் நடுவே, யாருமில்லாத புல்லில் போய் விழுந்தது. அரங்கம் முழுவதும் ஒரே பெருமூச்சு.

"நல்லா இருந்த ஆட்டத்தக் கொன்னுட்டியே, தாயே" என்றான் ட்வெய்ன்.

"ஒரு நம்பரத்தானே சொன்னேன். சொன்னது பந்துக்குக் கேக்குமா?"

"கேட்டுச்சே. பாத்தல்ல?"

அதன்பின் ஆட்டம் முடியும்வரை அவளிடம் ஒருவரும் பேசவில்லை. கோர்டியும் பேசவில்லை, ஆயினும் அவர் பார்த்தது மனைவியை. வண்டிக்கு நடக்கும்போது கேட்டிருக்கிறார். பின்னாளில் பெர்னடீனே இதை எனக்குச் சொன்னார்.

"அத ஏன் கேட்ட?"

"ஞாபகம் இல்லாம வாயில வந்துடுச்சு."

"உனக்கா?" என்றாராம் கோர்டி.

அடுத்த ஆட்டத்துக்குக் கிர்ஸ்டன் வரவில்லை. அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை. இடப்புற இருக்கை மடிந்தபடியே இருந்தது. பெர்னடீன் புதிய சட்டை அணிந்து வந்திருந்தார். பந்தெறிபவர் மேட்டில் ஏறினார். பெர்னடீன் விடையோடு காத்திருந்தார்.

கோர்டி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். அதே சிவப்புக் கட்டம், அதே எண்கள்.

"இத எப்ப போட்டுக்கிட்ட?"

"அந்தப் பொண்ணுதான் இனிமே வராதே. இதுலயே எல்லாம் வருது" என்றார், தலை நிமிராமல்.

ஒரு கையில் கைப்பேசி இருந்ததால் கடலையை அவரால் உடைக்க முடியவில்லை. பெர்னடீன் தாமே உடைத்துத் தாமே தின்றார். வேலிக்கு அப்பால் பந்து பறந்து, சுற்றியிருந்தோர் எழுந்து கூவியபோதும், கோர்டி திரையில் அது எத்தனை வேகத்தில் போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணொருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோது பெர்னடீனுக்கு எதிரே ஒரு முகமாவது இருந்தது. உள்ளங்கையளவுக் கண்ணாடியை எப்படி முறைப்பது?

ஆகஸ்டில் ஒருநாள் அவர் தாம் ஓட்டிய பழைய தடத்துப் பேருந்தில் ஏறி, நகரின் நடுவிலுள்ள கிர்ஸ்டனின் நிறுவனத்து வாசலில் போய் இறங்கினார். வரவேற்பறைக்கு வந்த கிர்ஸ்டன் அவரைக் கண்டு திகைத்தாள்.

"அன்னிக்கு உன்னச் சொல்ல வெச்சது நான்தான்" என்றார் பெர்னடீன், உட்காராமலே. "சொல்லக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"பின்ன ஏன் கேட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரர் உன் பக்கமே திரும்பிட்டு இருந்தார்."

கிர்ஸ்டன் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "இப்ப உங்க பக்கம் திரும்பறாரா?"

"எங்க? உங்க செயலியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சவர்தான். நிமிரவே மாட்டேங்கறார்."

"அட, அது அவரா? ஒரு பந்து விடாம திறந்து பாக்கறவர் ஒருத்தர் இருக்கார்னு எங்க ஆளுங்க இங்க கேக் வெட்டாத குறையாப் பேசிக்கறாங்க."

"அந்தக் கேக்க நீங்களே சாப்பிடுங்க. நீ மறுபடி வந்து அங்க உக்காரு."

"நான் வந்தா மறுபடி என் பக்கம்தானே திரும்புவார்? பரவால்லையா?"

"வயிறு எரியத்தான் செய்யும்" என்றார் பெர்னடீன். "ஆனா காதாவது தெரியும், கன்னமாவது தெரியும். இப்ப வெறும் தொப்பிதான் தெரியுது."

"ட்வெய்ன் என்னை விட மாட்டாரே."

"அவன நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் கிர்ஸ்டன் படிக்கட்டில் தென்பட்டதும் எங்கள் பகுதி முணுமுணுத்தது. ட்வெய்ன் எழுந்து கையை விரித்தான். "வாம்மா, இன்னிக்கு எந்த ஆட்டத்த முடிக்கப் போற?"

பெர்னடீன் எழுந்து எங்கள் அனைவரையும் பார்த்து நின்றார். பேருந்தில் பின்னிருக்கைக் கலகக்காரர்களை அடக்கிய குரலில் சொன்னார்.

"அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

இந்த வழக்கத்தின் காவலராகவே நாங்கள் அறிந்திருந்த பெண்மணி அவர். ட்வெய்ன் மெல்லக் கையை இறக்கினான்.

"நீயா, பெர்னி? போயும் போயும் நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அது எனக்கும் என் புருஷனுக்கும் நடுவுல."

அப்போதுதான் கோர்டியின் தொப்பி அசைந்தது. அவர் நிமிர்ந்து, வலப்புறம் திரும்பி, மனைவியை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார். கிர்ஸ்டன் இருக்கையை விரித்து அமர்ந்தாள். ஆட்டம் முடிந்ததும் அனைவருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்று பெர்னடீனுக்குத் தண்டனை விதித்தபின் ட்வெய்னும் அமர்ந்தான்.

மேட்டில் ஒசோரியோ ஏறினான். கோர்டியின் கழுத்து இடப்புறம் திரும்பியது. பெர்னடீனின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"என்ன சொல்லுது?"

"வளைபந்து. அறுபத்தாறு சதவீதம்."

கோர்டி வலப்புறம் திரும்பினார்.

"அது வளைபந்துங்குது. நீ என்ன சொல்ற, பெர்னி?"

ஒசோரியோவின் கையுறை நன்றாகவே அகன்றிருந்தது. பின்வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது.

"வேகப்பந்து" என்றார் பெர்னடீன்.

வளைபந்து வந்தது. "பெர்னி, பஸ் தடம் மாறிப் போகுது" என்று ட்வெய்ன் கத்தினான்.

கோர்டி கடலை ஒன்றை உடைத்தார்.

"உனக்கும் வளைபந்துன்னுதான் தெரிஞ்சிருக்கும்" என்றார் தாழ்ந்த குரலில்.

"அவ சொன்னதையே நானும் சொல்லணுமா?"

அவர் ஓட்டைக் கீழே போட்டு, பருப்பை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.