ஜெப்ஸியை மட்டமாகச் சொன்ன ஆள்

மகள் ஜெப்ஸியைப் பற்றி யாரோ மட்டமாகச் சொல்லிவிட்டார்களாம் என்று கிருபாநிதியின் காதுக்கு வந்தது. சொன்னவள் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ்; அவளுக்கு அவள் ஓரகத்தி சொன்னது. ஓரகத்திக்கு யார் சொன்னது என்று பிளாரன்ஸுக்குத் தெரியாது. அந்த ஞாயிறு ஆலயத்தில் கிருபாநிதிக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அவர் எழுத்தர். மனைவி போனபின் வீட்டையும் ஆஸ்பத்திரி ஸ்கேன் வேலையையும் ஒற்றையாய் இழுப்பவள் மகள் ஜெப்ஸி. நாசரேத்திலிருந்து வந்த சம்பந்தம் அவளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை பெவின், தோஹாவில் இன்ஜினியர்.

திங்கட்கிழமை பெவினின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஃபிராங்க்ளின், ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார்: மிக நெருங்கியவரே பெண்ணை 'டிஸ்பேரேஜ்' செய்திருக்கிறார், யோசித்துச் சொல்கிறோம்.

அந்தச் சொல்லுக்கு மட்டம் தட்டிப் பேசுவது என்று பொருள், கிருபாநிதிக்குத் தெரியும். இருந்தும் அகராதியைப் புரட்டினார். பழைய பிரெஞ்சில் பிறந்த சொல்லாம்; அந்தஸ்தில் குறைந்த இடத்தில் கல்யாணம் முடிப்பது என்றுதான் முதலில் பொருளாம். தலைமையாசிரியர் தெரியாமலா இந்தச் சொல்லைப் பொறுக்கியிருப்பார்? நம் இடம் தாழ்வு என்கிறாரோ? அவரிடம் போய் ஓதிய நெருங்கியவர் யார்?

அலுவலகத்தில் எதிர் மேசை லிங்கராஜ்மேல் கண் போனது. அவனுக்கு மாமனார் வீடு நாசரேத்தில்.

"ஏலே, எம்மவளப் பத்தி யாருட்டயாவது வாய விட்டியா?"

லிங்கராஜ் பேனாவை மூடினான். "நானா? போன வாரம் ஒருத்தர் வந்தாருல்லா, தோஹாவுலேருந்து சாமான் கொண்டாரணும்னு. சாமானப் பத்தி ரெண்டு வார்த்த, ஒங்க பிள்ளயப் பத்தி இருவது வார்த்த கேட்டாரு. அது மாப்ள வீட்டுலேருந்து பொண்ண விசாரிக்க வந்த ஆளு அண்ணாச்சி. எனக்கே வெளங்கிட்டு."

"அவருட்ட நீ என்ன சொன்ன?"

"நான் எங்க பேச? நீங்கதான சொன்னீக. 'அவளா, ஒரு வெந்நி வைக்கத் தெரியாது, வேலைன்னு சும்மா போய்ட்டு வாரா'ன்னு."

சொன்னதுதான். பெற்ற பிள்ளையைத் தானே மெச்சினால் நன்றாயிருக்காது என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொல்லியிருந்தார்.

"எல்லாரும் அப்படித்தாம்ல சொல்லுவோம்."

"சொல்லுவோம். அந்த ஆளு அப்படியே கொண்டுபோய் எறக்கிட்டாரு."

கிருபாநிதி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். ஜெப்ஸி நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரோ வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் நாக்கு தடுக்கியது. ஃபிராங்க்ளினின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. என் பேரைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருக்கிறாரோ?